பூபாலசிங்கத்தின் கீரைக்கட்டு

வெள்ளவத்தையில் கடலுக்குப் போகும் ஒழுங்கையொன்றில், ஐந்து பேர் இருந்த வீட்டில் பூபாலசிங்கம் தனியே இருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்கக் கந்தோர்களில் எழுத்து வேலைக்கு வந்த ஆண்கள் கூடி வீடெடுத்து, சமையற்காரன் ஒருவனை வைத்து, ஒரே அடுப்பில் சாப்பிடுவதைக் கொழும்பில் சம்மரி என்பார்கள். அந்தச் சம்மரியின் சாப்பாட்டுப் பொறுப்பு அவருடையது. மாதாமாதம் ஆள் மாறவேண்டிய பொறுப்புத்தான். ஒருமுறை கையில் எடுத்தவர் பிறகு விடவேயில்லை. மற்றவர்களும் கேட்கவில்லை, வெயிலில் சந்தைக்குப் போய்ச் சாக்குத் தூக்க யாருக்குத்தான் ஆசை?

அவரைக் கஞ்சன் என்று சொன்னால் அது அநியாயம். மலிவாகவும் வேண்டும், உடம்புக்கு நல்லதாகவும் வேண்டும், அவ்வளவுதான். சந்தை கலையும் நேரம் பார்த்துப் போவார். வீட்டுக்குப் போகிற அவசரத்தில் கீரைக்காரிகள் விலையை இறக்குவார்கள். பீற்றூட் வாங்கினால் இலையையும் கேட்டு வாங்கித் தேங்காய்ப்பூவோடு வறை செய்விப்பார். விலை கூடிய அறக்குளா மீனை ஏறெடுத்தும் பாரார், மலிவான சூடையும் சாளையும்தான். காலையில் பாணுக்கும் பட்டருக்கும் பதிலாகக் குரக்கன் என்கிற கேழ்வரகில் பிட்டு. கறிக்குத் தேங்காயின் இரண்டாம் பால்; முதற்பால் விருந்தாளி வந்தால் மட்டும். முருங்கையிலை இல்லாத நாளே இல்லை. நண்பர்கள் அவருக்கு 'முருங்கையர்' என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். தெரியாதவர்போல அவரும் இருந்துவிட்டார்.

அவர்களில் ரயில்வேயில் கிளாக்கராக இருந்த நிக்கலசுக்கு ஒருமுறை கால் இரண்டும் வீங்கியது. தீட்டிய அரிசியை நிறுத்தச் சொன்னார் டாக்குத்தர். தவிட்டோடு கூடிய சிவப்பரிசி தேடிக் களனிப் பக்கம்வரை அலைந்தவர் பூபாலசிங்கம். வீக்கம் வற்றியபோது நிக்கலசைவிட அவருக்குத்தான் சந்தோஷம். தங்கைமாரைக் கரைசேர்ப்பதற்குள் கலியாண வயது போய்விட்ட மனுசன். குடும்பமென்று அவருக்கு இருந்தது அந்த நாலு பேர்தான்.

நாற்பத்திரண்டாம் ஆண்டு ஏப்ரலில் ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டான். ஊரே மூட்டை கட்டியது. நால்வரும் லீவெடுத்தும் இடமாற்றம் கேட்டும் யாழ்ப்பாணத்துக்கு ரயிலேறினார்கள். சமையற்காரன் சுடலைமுத்து மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்த தன் ஆட்களிடம் போனான்.

"பயம் தெளிஞ்ச உடனை வாறம் அண்ணை. வீட்டை விட்டுடாதேங்கோ" என்றான் நிக்கலஸ்.

அந்த ஒரு சொல்லை நம்பி அவர் வீட்டை விடவில்லை. நாலு கட்டில்களையும் தூசி தட்டி வைத்தார். தனியாளுக்குச் சமைக்க அவருக்குக் கை வரவில்லை. ஒரு கட்டுக் கீரை ஒருவருக்கு அதிகம், அரைக்கட்டு எவரும் விற்கமாட்டார்கள். சமைத்து முடித்துச் சோற்றுக் கோப்பையின் முன் உட்கார்ந்தால், 'இண்டைக்கும் இலைதானோ?' என்று சலித்துக்கொள்ள ஆளில்லை. அந்தச் சலிப்பில்லாமல் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சண்டை முடிந்தது. அவர்கள் வரவில்லை.

ஒரு சனிக்கிழமை, சிவப்பரிசி தேடிக் கொழும்பின் மறுகோடியிலுள்ள கொட்டாஞ்சேனைச் சந்தைக்குப் போனவர், கூடையோடு நின்ற சுடலைமுத்துவைக் கண்டார்.

"டேய் சுடலைமுத்து! எப்ப வந்தனி?"

அவன் திடுக்கிட்டுக் கூடையைப் பின்னால் இழுத்தான். அதில் உருளைக்கிழங்கும் பெரிய அறக்குளாத் துண்டும் இருந்தன.

"கும்பிடுறேங்க ஐயா. வந்து கொஞ்ச நாளாச்சுங்க."

"ஆருக்குச் சமைக்கிறாய்?"

அவன் நிலத்தைப் பார்த்தான். "நம்ம ஐயாமாருக்குத்தாங்க. நாலு பேரும் இங்கிட்டுத்தான் வீடு எடுத்திருக்காங்க."

"என்னட்டை ஒருத்தரும் சொல்லேல்லையே?"

"கொஞ்ச காலம் நாக்குக்கு ருசியா சாப்பிடணும்னு பேசிக்கிட்டாங்க. ஐயா வந்தா மறுபடி இலைதழைதானேன்னு... நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

பூபாலசிங்கத்துக்குக் கோபம் வந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது. நேரே அந்த வீட்டுக்குப் போய், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கவேண்டும் என்று நினைத்தார். சந்தை நடுவில் அழுதுவிடுவோமோ என்ற பயத்தில், வேண்டாத பூசணிக்காய் ஒன்றுக்கு விலை கேட்டார். பிறகு திரும்பி, "நிக்கலசின்ரை கால் எப்பிடி?" என்றார்.

"மறுபடி வீங்கிப்போச்சுங்க. சப்பாத்து போட முடியல. அரிசிய மாத்துன்னு டாக்டரு சொல்லியும் கேக்க மாட்டேங்கிறாரு."

அவர் அன்று வாங்கித் தன் பையில் வைத்திருந்த சிவப்பரிசியையும் முருங்கையிலையையும் எடுத்து அவன் கூடையில் வைத்தார்.

"இலையை உருவிப் பருப்போடை அவிச்சு, மேலாலை தாளிச்சுப் போடு. அரிசியை இடிச்சுப் பிட்டாக்கு. முதற்பாலை ஊத்து, என்ன? ரெண்டாம் பாலை ஊத்தி நான்தான் ஆக்களை வெறுக்கப் பண்ணிப்போட்டன். நான் தந்ததெண்டு மட்டும் சொல்லிப்போடாதை."

அதற்குப் பிறகு சனிக்கிழமை தோறும் அவர் பஸ்ஸேறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனார். வல்லாரை, பொன்னாங்காணி, பலாக்கொட்டை என்று மலிவாகவும் நல்லதாகவும் கண்டதையெல்லாம் பழையபடி பொறுக்கி வாங்கினார். எதை எப்படி ருசியாக்குவது என்று இருவரும் சந்தை மூலையில் நின்று கதைத்தார்கள். வாரத்தில் அவர் வாய் திறந்து கதைத்தது அந்த நேரம்தான்.

ஒருநாள் சுடலைமுத்து சிரித்துக்கொண்டே வந்தான். "நிக்கலஸ் ஐயா இன்னைக்குச் சப்பாத்து போட்டுக்கிட்டு வேலைக்குப் போயிட்டாருங்க!"

"நல்லது. சாப்பாட்டைப் பற்றி என்ன கதைச்சவை?"

அவன் தயங்கினான். அவர் விடவில்லை.

"சுடலைமுத்து கையில இவ்வளவு ருசி இருந்திருக்கு, அந்த முருங்கையர்தான் இத்தனை வருசமா கெடுத்து வச்சிருந்தாருன்னு சொல்லிச் சிரிச்சாங்க."

பூபாலசிங்கமும் சிரிக்கப் பார்த்தார். வாய் கோணியது. "ரெண்டாந்தரம் போட்டுச் சாப்பிட்டவையோ?" என்று கேட்டார்.

"ஆமாங்க. சட்டியவே வழிச்சிட்டாங்க."

"அப்ப சரி" என்றார்.

கீரைக்காரியிடம் இன்னுமொரு கட்டு வாங்கி அவன் கூடையில் வைத்தார். அவன் தெருமுனையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பசித்தது. வெள்ளவத்தைக்குப் போய்த் தனக்கென்று உலை வைக்க மனம் வரவில்லை.