பேசினதும் கதைச்சதும்

கலாவதிக்குச் சுசானைப் பிடிக்காது. காரணம் கேட்டால், "சும்மா, பிடிக்கேல்லை" என்பாள். உண்மையான காரணம் ஒரேயொரு சொல். லக்சிகா அந்த மனுசியைச் 'சுசானம்மா' என்று கூப்பிட்டாள், கலாவதியை 'அன்ரி' என்றாள். சோறு போட்டவள் அன்ரி, பாடம் சொல்லிக்கொடுத்தவள் அம்மா. இது எந்த ஊர் நியாயம் என்று கலாவதி தன் தையல் மெஷினிடம் கேட்பாள்.

பாரிஸில் ரூ காய் என்ற தெருவில் ஒரு புடைவைக் கடையின் பின்னறையில் பிளவுஸ் தைப்பதுதான் அவளுடைய வேலை. தமிழ்க் கடைகள் நிறைந்த அந்த லா சப்பல் பகுதியில் கலியாணம், பெண்பிள்ளை பெரியவளான சாமத்தியவீடு என்று எது நடந்தாலும் வந்திருக்கும் பெண்களில் பாதிப்பேரின் பிளவுஸ் அவள் கைபட்டதாகத்தான் இருக்கும். கணவர் அருட்பிரகாசம் உணவகக் குசினியில் நின்று நின்றே நோயாளியாகிப் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. அதன்பிறகு அவளிடம் மிஞ்சியது மெஷினும் வாயும்தான். வாய் கொஞ்சம் பெரிது.

போர் முடிந்த பிறகு வன்னியிலிருந்து தப்பியவர்கள் ஒவ்வொருவராக லா சப்பலில் வந்து இறங்கினார்கள். அப்படி வந்தவள்தான் லக்சிகா. தாயும் தகப்பனும் முள்ளிவாய்க்காலோடு போய்விட்டார்கள். யாரோ சொல்லி, ஒரு பையோடு கடை வாசலில் வந்து நின்றாள். கலாவதி ஒன்றும் விசாரிக்கவில்லை. வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறும் மீன் குழம்பும் போட்டாள். அன்றிலிருந்து அந்தப் பெண் தன் பிள்ளை என்று முடிவெடுத்துவிட்டாள். அந்தப் பெண்ணைக் கேட்டா முடிவெடுத்தாள்?

புதிதாக வந்தவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கி, சனிக்கிழமைகளில் பிரெஞ்சு வகுப்பு வைத்தார்கள். சொல்லிக்கொடுக்க வந்தவர் சுசான். புதுச்சேரிக்காரர், கத்தோலிக்கர், நகரசபை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய கணவர் லூர்துசாமி இன்னும் திடகாத்திரமாக இருந்தார். ஞாயிறுதோறும் கோட் போட்டுக்கொண்டு மனைவியோடு பூசைக்குப் போனார். அதுவும் கலாவதியின் கண்ணில் குத்தியது.

வகுப்புக்குப் போகத் தொடங்கியதும் லக்சிகாவின் வாய்த்தமிழே மாறிப்போனது. ஒருநாள் கலாவதி வைத்த கணவாய்க் கறியைச் சாப்பிட்டுவிட்டு, "ரொம்ப நல்லா இருக்கு அன்ரி" என்றாள். கலாவதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன ரொம்ப? எங்கடை ஊரிலை நல்ல ருசி எண்டு சொல்லமாட்டினமோ? கறியிலை உப்புக் கூட எண்டு சொல்லு, பரவாயில்லை. உந்த ரொம்ப எனக்கு வேண்டாம்."

லக்சிகா சிரித்தாள். கலாவதி சிரிக்கவில்லை.

லக்சிகாவுக்கும் கஜனுக்கும் கலியாணம் நிச்சயமானது. கஜனும் வன்னிப் பெடியன்தான், அதே தெருவில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை. மண்டபம் எடுத்தாயிற்று, கூறைச்சேலையும் எடுத்தாயிற்று. ஒன்று மட்டும் தீரவில்லை. பெண்ணின் தாய் இடத்தில் மணவறையில் யார் நிற்பது?

லக்சிகா தன்னைக் கேட்பாள், இன்றைக்குக் கேட்பாள், நாளைக்குக் கேட்பாள் என்று கலாவதி காத்திருந்தாள். கைம்பெண்ணை அந்த இடத்துக்குக் கூப்பிட மாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. எத்தனையோ மணப்பெண்களுக்குப் பிளவுஸ் தைத்தவள், கணவன் போன பிறகு ஒருத்திக்கும் ஆலாத்தி எடுத்ததில்லை. ஆனாலும் ஆசை விடுமா? மாம்பழ நிறப் பட்டுச்சேலை ஒன்றை வாங்கி, அதற்குப் பிளவுஸும் தைத்து, அலுமாரியின் அடியில் ஒளித்துவைத்திருந்தாள். லக்சிகாவோ வாயைத் திறக்கவில்லை. சோடியாக நிற்க ஆள் வேண்டுமென்றால் சுசானும் லூர்துசாமியும் இருக்கிறார்களே என்ற எண்ணம் வந்ததும் கலாவதியின் நித்திரை போயிற்று.

"வேதக்காறர் வந்து தாரை வாக்கிறதோ? பிள்ளையாருக்கே அடுக்காது" என்று மெஷினுக்குச் சொன்னாள்.

கலியாணம் நெருங்கியபோது ஒருநாள் சுசான் கடைக்கு வந்தார். பட்டுத் துணி ஒன்றை மேசையில் விரித்தார்.

"லக்சிகா கல்யாணத்துக்குங்க. நீங்கதான் தைச்சுத் தரணும்."

கலாவதி அளவு நாடாவை எடுத்தாள். கழுத்தைச் சுற்றிப் போட்டபோது கொஞ்சம் இறுக்கினால் என்ன என்றுகூடத் தோன்றியது. சுசான் தன்பாட்டில் சொல்லிக்கொண்டு நின்றார்.

"நேத்து லக்சிகாவைக் கூப்ட்டு உட்கார வச்சு நல்லாப் பேசினேங்க. ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். பாவம், அழுதுடுச்சு."

யாழ்ப்பாணத்தில் பேசுவது என்றால் ஏசுவது. மற்றதெல்லாம் கதைப்பது. புதுச்சேரியில் அப்படியில்லை என்று கலாவதிக்குத் தெரியாதா? வாழ்நாள் முழுக்க இந்தியப் படம் பார்த்தவள், சீரியல் பார்த்து மூக்கைச் சிந்தியவள். நன்றாகத் தெரியும். ஆனால் பொறாமை அடைத்த காதில் வேண்டியதுதானே விழும்? சுசான் பிள்ளையை ஏசிவிட்டாள்! பிள்ளை அழுதிருக்கிறாள்! கலாவதியின் நெஞ்சு சந்தோசத்தில் துள்ளியது.

"தாயில்லாப் பிள்ளையைக் கூப்பிட்டு வச்சுப் பேச நீங்கள் ஆர்?"

அவள் போட்ட சத்தத்தில், முன்பக்கம் புடைவை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். சுசான் விழித்தார்.

"ஏங்க, நான் பேசக் கூடாதா?"

"கேட்டியளே! பேசக் கூடாதோவாம்! இவ்வளவு காலமும் என்ரை வீட்டிலை இருக்கிறாள், நான் அவளை ஒருநாளும் பேசினதில்லை!"

"ஒரே வீட்டுல இருந்துகிட்டு ஒரு நாள்கூட பேசினதில்லையா?" சுசானுக்கு உண்மையாகவே மனம் நொந்தது. "அதான் அந்தப் பொண்ணு எங்கிட்ட வந்து அழுவுது."

துணியை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலை கலாவதி இடியப்பமும் சொதியும் செய்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். லக்சிகா வந்ததும் தலையைத் தடவினாள்.

"கவலைப்படாதை பிள்ளை. அந்த மனுசி இனி உன்னைப் பேசாது. நல்லாக் குடுத்து விட்டிருக்கிறன்."

"ஆர் அன்ரி என்னைப் பேசினது?"

"சுசான்தான். நேற்று ஒரு மணித்தியாலம் பேசினவவாம். நீ அழுதனியாம்."

லக்சிகா சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினாள். "ஐயோ அன்ரி! அவ பேசேல்லை. கதைச்சவ. உங்களைப் பற்றித்தான் கதைச்சவ."

பிறகு மெல்ல மெல்லச் சொன்னாள். மணவறையில் கலாவதிதான் நிற்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. கேட்கத்தான் பயம். சபையில் யாராவது ஒரு சொல் சொல்லி, அன்ரி எல்லார் முன்னாலும் தலைகுனிய வேண்டி வந்துவிட்டால்? அதை நினைத்துத்தான் அழுதாளாம்.

"சுசானம்மா ஐயரிட்டையும் போய்க் கேட்டிட்டா. புருசன் இல்லாட்டில் தாய் தாயில்லையோ எண்டு கேட்டவவாம். ஐயர் ஓமெண்டிட்டார். இனி நீங்கள்தான் சொல்லோணும். நிப்பீங்களோ அன்ரி?"

கலாவதி எழுந்துபோய் அலுமாரியைத் திறந்து, அடியில் கிடந்த மாம்பழ நிறச் சேலையை எடுத்து அவள் மடியில் வைத்தாள். இருவரும் அழுதார்கள். அழுது முடித்ததும் கலாவதிக்கு வந்த முதல் எண்ணம், ஐயரிடம் போகவேண்டுமென்று எனக்கு ஏன் தோன்றவில்லை, அதையும் அந்தச் சுசானல்லவா செய்துவிட்டாள் என்பதுதான். வெட்கம் ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம்.

மறுநாள் அளவு நாடாவைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, ரூ து ஃபொபூர் சேன்-தெனியில் இருந்த சுசான் வீட்டு மணியை அடித்தாள். சுசான் கதவைப் பாதிதான் திறந்தார்.

"இன்னும் ஏதாச்சும் பேசணுமா?"

"இல்லை. பேச வரேல்லை. கதைக்க வந்தனான்."

சுசானுக்கு வித்தியாசம் புரியவில்லை. கலாவதி வாசலிலேயே நின்று விளக்கினாள். விளங்கியதும் சுசான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய்க் கோப்பி கொடுத்தார். கோப்பி நன்றாகத்தான் இருந்தது. கலாவதி அதைச் சொல்லவில்லை.

அளவெடுக்கும்போது கேட்டாள்: "கலியாணத்திலை எங்கை இருக்கப் போறியள்?"

"எங்க உட்கார வச்சாலும் சரிங்க."

"முன்வரிசையிலை இருங்கோ. உங்கடை அவரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ." கலாவதி நாடாவை இறுக்கிப் பிடித்தாள். "ஆனால் மணவறைப் பக்கம் வந்திடாதேங்கோ. அங்கை நான் நிக்கிறன்."