மாத்திரை போட்ட விரதம்

அடியார்களே, வெட்கத்தை விட்டு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மனச்சிதைவு நோய்க்கு என் தங்கை செல்வராணி மாதாமாதம் போட்டுவந்த ஊசியை நிறுத்தியது பேயுமில்லை, பில்லியுமில்லை. பலாங்கொடை டவுனில் புத்தகக் கடை வைத்து, கண்டதையும் படித்துப் பாழாய்ப்போன நான்தான்.

2004 ஆடித் திருவிழாவுக்குத் தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் அவள் காப்புக் கட்டினாள். காப்புக் கட்டிய உடம்பில் ஊசி ஏறினால் விரதம் கெடும் என்று தீர்ப்புச் சொன்னேன். எந்தப் புத்தகத்தில் படித்தேன் என்று இன்னும் தேடுகிறேன். அவளோ சந்தோஷமாகத் தலையாட்டினாள். பக்தி என்று நினைத்தேன்.

காதில் கேட்கும் குரல்கள் திரும்பி வந்தன. ஒரு நாள் அடைமழையில் ஆற்றோரம் நின்றாள். “குதிங்கிறாங்கண்ணே” என்றாள். இழுத்துக் கட்டிக்கொண்டு அழுதேன்.

மறுநாள் இரத்தினபுரி கிளினிக். அவள் உள்ளே போனாள். நான் வாசலில் நின்று மாரியம்மனோடு சண்டை போட்டேன். பழைய ஊசி குரலை அடக்கும். கையை நடுங்க வைக்கும். கிள்ளிய கொழுந்தில் பாதி கூடைக்கு வெளியே விழும். “தாயே, குரலும் போகணும், கையும் நிக்கணும். ரெண்டுல ஒண்ணுன்னு பேரம் பேசாத!”

சிங்கள டொக்டர் கூப்பிட்டார். நான் வாய் திறக்குமுன்பே ஊசியை மாற்றிப் புது மாத்திரை எழுதியிருந்தார். உடம்பு பெருக்கும், தூக்கம் அமுக்கும், சீனி வியாதி வரலாம், இரத்தம் பார்க்கவேண்டும் என்றார். செல்வராணி யோசித்துவிட்டு, “குடுங்க” என்றாள்.

சில வாரங்களில் கை நடுக்கம் நின்றது. குரல்கள் தேய்ந்தன. பழைய சட்டை ஒன்றும் ஏறவில்லை. காலையில் எழும்ப முடியாமல், வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்குப் பிந்திப்போய்க் கங்காணியிடம் திட்டு வாங்குகிறாள். “திட்டுறது கங்காணிதான்னு இப்ப நிச்சயமாத் தெரியுதுண்ணே” என்கிறாள்.

அடுத்த ஆடியில் கோயில் தலைவர் கேட்டார்: “மாத்திரைய முழுங்கிட்டுக் காப்புக் கட்டலாமாங்க?”

“கட்டுவா. தடுக்கிறதுன்னா அம்மனே வந்து தடுக்கட்டும்!”

அம்மன் வரவில்லை. தங்கை கட்டினாள். இன்றும் கட்டுகிறாள், மாத்திரையோடு.

அடியார்களே, சாமி பேரில் மருந்தை நிறுத்தாதீர்கள். மருந்து உடம்பை முறுக்கினால் வாய்மூடிச் சகிக்கவும் வேண்டாம். அம்மனிடம் துணிந்து கேளுங்கள். கேட்டேன், கொடுத்தாள்.

இதைக் கோயில் மைக்கில் சொல்லிவிட்டுக் கம்பீரமாக இறங்கினேன். செல்வராணி காதோரம் சொன்னாள்:

“நீங்க அம்மன்கிட்ட சொன்னதெல்லாம் சரிதாண்ணே. கை நடுங்குதுன்னு டொக்டர்கிட்ட யாராச்சும் சொல்லணும்ல? நான் சிங்களத்துல சொன்னேன்.”