நாலாவது நட்டு

இரண்டு வருடங்களுக்கு முன்பு, தை மாதக் கடைசி. தரங்கம்பாடியிலிருந்து திருச்சி விமான நிலையத்துக்கு என் தம்பியை ஏற்றிக்கொண்டு நானே கார் ஓட்டிப் போனேன். வாங்கி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. ஏற்கெனவே இரண்டு பேர் கை மாறி வந்த வண்டி. இருந்தாலும் எனக்கு அதன்மேல் கொள்ளைப் பெருமை. ஸ்டெப்னி மாற்றுவதைக்கூட வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன் என்று சொந்தக்காரர்கள் ஒருவர் விடாமல் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

தம்பிக்கு வளைகுடாவில் வேலை. உம்மாவின் ஆபரேஷனுக்காக வந்தவன் விடுப்பை நீட்டிக்கொண்டே போய்விட்டான். அன்றைக்குப் போய் இறங்காவிட்டால் அவனுடைய விசா செல்லாது. இரண்டே முக்காலுக்கு விமானம். தஞ்சாவூர் தாண்டியதும் நெடுஞ்சாலையில் லாரி கவிழ்ந்து வண்டிகள் வரிசையாக நின்றன. நான் கெட்டிக்காரத்தனமாகப் பூதலூர் பக்கம் வாய்க்கால் கரைச் சாலையில் திருப்பினேன். கொஞ்ச தூரத்தில் முன்சக்கரம் டப்பென்று வெடித்தது.

மணி பதினொன்று. "கவலைப்படாதே, பத்து நிமிஷம்" என்று தம்பியிடம் சொல்லிவிட்டு, ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கி ஸ்பானரை எடுத்தேன். மூன்று நட்டுகள் சுலபமாக வந்தன. நாலாவதில் ஸ்பானர் உட்காரவே இல்லை. மற்றவை ஆறு பட்டையாக இருக்க, இது மட்டும் வழவழவென்று உருண்டையாக, முகத்தில் பூப்போட்ட மாதிரி ஒரு வெட்டோடு இருந்தது.

வண்டியை விற்றவருக்குப் போன் செய்தேன்.

"அது லாக் நட்டுங்க. சக்கரத்தை எவனும் கழட்டிட்டுப் போயிடக் கூடாதுன்னு போட்டது. அதுக்குன்னு தனியா ஒரு சாவி உண்டு. டிக்கியில இல்லையா? அப்ப எனக்கு முன்னாடி வெச்சிருந்தவர்கிட்டதான் இருக்கும்."

டிக்கியைத் தலைகீழாகக் கவிழ்த்தும் கிடைக்கவில்லை. டாக்ஸிக்குப் போன் செய்தால், ரோடு அடைத்துக் கிடக்கிறது, வர ஒன்றரை மணி நேரமாகும் என்றார்கள். அந்தச் சாலையில் பஸ்ஸும் கிடையாது. தம்பி பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்ப்பதும் பையில் வைப்பதுமாக இருந்தான். அவன் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது.

சாலையை ஒட்டிய வயலில் அறுவடை மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. நெல்லை வாங்கிக்கொள்ள டிராக்டரோடு ஒரு பெண் நின்றிருந்தார். என் வயதுதான் இருக்கும். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. நாங்கள் தவிப்பதைப் பார்த்துவிட்டு வரப்பேறி வந்தார். விஷயத்தைச் சொன்னதும் குனிந்து நட்டைத் தடவிப் பார்த்தார்.

"இந்த ஒண்ணுக்கா இப்படி நிக்கிறீங்க?" என்றவர், மிஷின்காரரைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "அண்ணே, செத்த நேரம் நிறுத்துங்க! இவங்க பிளேன் புடிக்கணுமாம்."

மிஷின் நின்றது. அவர் டிராக்டரிலிருந்து டூல்ஸ் பெட்டியையும் நீளமான இரும்புக் குழாயையும் கொண்டு வந்தார். முதலில் எனக்குத்தான் திட்டு விழுந்தது.

"மத்த மூணையும் எதுக்குக் கழட்டுனீங்க? இப்ப அத்தனை பாரமும் இந்த ஒத்த நட்டு மேல நிக்குது. திரும்ப முறுக்குங்க. ஜாக்கியையும் எறக்குங்க. சக்கரம் தரையில நின்னாத்தான் சுத்தாம இருக்கும்."

வீடியோவில் இதெல்லாம் இல்லையே என்று நினைத்துக்கொண்டே சொன்னதைச் செய்தேன். பெட்டியிலிருந்து பழைய பாக்ஸ் ஸ்பானர் ஒன்றை எடுத்து, உருண்டை நட்டின் மேல் வைத்துச் சுத்தியலால் அடித்தார். குழாயை மாட்டி இழுத்ததும் அது வழுக்கி வந்துவிட்டது. மணி பதினொன்றே முக்கால். தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"இன்னும் ஒரு சைஸ் சின்னது போடணும். இறுக்கமா இருந்தாத்தான் கவ்வும்" என்றார் அவர். அடுத்தது நட்டின் மேல் இறங்கவே மறுத்தது. ஓங்கி ஓங்கி அடித்தார். பல் பல்லாக இருந்த அதன் உள்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நட்டைச் செதுக்கிக்கொண்டு இறங்கியது. பிறகு அதில் கைப்பிடியைப் பொருத்தி, கைப்பிடிக்கு மேல் குழாயைச் செருகினார்.

"நான் ஸ்பானர் நழுவாம அழுத்திப் புடிச்சுக்கறேன். நீங்க குழாயை இழுங்க. வெடுக்குனு இழுக்கக் கூடாது. ஒரே சீரா உடம்பைக் குடுத்து இழுங்க."

"நானா? தம்பி இழுக்கட்டுமே."

"உங்க வண்டிதானே?"

இழுத்தேன். அசையவில்லை. செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, காலை ஊன்றி, மொத்த உடம்பையும் பின்னால் சாய்த்தேன். "அப்படித்தான், விடாதீங்க!" என்றார் அவர். சட்டென்று 'கடக்' என்று ஒரு சத்தம். போச்சு, போல்ட் ஒடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"லாத்தா, திரும்பிடுச்சு!" என்று தம்பி கத்தினான். எங்களில் அக்காவை லாத்தா என்போம்; அவன் என்னை அப்படித்தான் கூப்பிடுவான். அன்றைக்குக் கூப்பிட்ட மாதிரி என்றைக்கும் கூப்பிட்டதில்லை. நானும் அந்தப் பெண்ணும் நடுரோட்டில் கட்டிப்பிடித்துக் குதித்தோம். மிஷின்காரர் வயலிலிருந்து ஹாரனை விடாமல் அடித்தார்.

மிச்ச மூன்று நட்டோடு ஸ்டெப்னியை மாட்டி, நிதானமாக ஓட்டி, ஒன்றேகால் மணிக்கு விமான நிலையம் சேர்ந்தோம். தம்பி உள்ளே போய், கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து போர்டிங் பாஸை உயர்த்திக் காட்டினான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

திரும்பும்போது திருச்சியில் பஞ்சரை ஒட்டி, கழற்றிய பூட்டு நட்டை மாதிரிக்குக் காட்டிச் சாதாரண நட்டு நாலு வாங்கிக்கொண்டேன். நேராக அதே வயலுக்குப் போனேன். அந்தப் பெண் கடைசி நடை நெல்லைக் கொட்டிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"மத்த மூணு சக்கரத்துலயும் அந்த நட்டு இருக்குல்ல? டூல்ஸ் குடுக்கறீங்களா? நானே எடுத்துடறேன்" என்றேன்.

சிரித்தபடி பெட்டியை என் பக்கம் தள்ளினார். "நான் கையை வெக்க மாட்டேன்" என்றவர் சொன்னபடியே வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். முதலாவதுக்கு அரை மணி நேரம். இரண்டாவதுக்கு அதில் பாதி. மூன்றாவது 'கடக்' என்றபோது நான் கண்ணை மூடவில்லை. உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம். என் வாழ்க்கையில் எந்தப் பரிசுக்கும் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

அதற்கப்புறம் சாலையோரம் எந்த வண்டி நின்றாலும் என் கால் தானாக பிரேக்குக்குப் போய்விடுகிறது. அறுவடை அவசரத்தையும் ஒதுக்கிவைத்துவிட்டு வந்து உதவியதோடு, என் கையாலேயே அதைச் செய்ய வைத்தாரே, அந்தப் பெருந்தன்மைக்கு நான் செய்யக்கூடிய மரியாதை அது ஒன்றுதான்.