லோடு ஏறினால் மிஸ் அடிக்கும்

அந்த லாரிக்கு என்ஜின் மாற்றிக் கொடுத்தவன் நான்தான். அதனால் அது நின்ற இடத்துக்கெல்லாம் நானும் போய் நிற்க வேண்டியிருந்தது.

எனக்குச் சொந்த ஊர் சாத்தூர்ப் பக்கம். திருப்பூரில் பல்லடம் ரோட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை போட்டுப் பதினாறு வருடமாக லாரி மெக்கானிக்காக இருக்கிறேன். லாரிக்காரர் இந்த ஊர்க்காரர், அறுபதை நெருங்கியவர். நிட்டிங் கம்பெனிகளிலிருந்து சாயம் போடாத துணி ரோல்களை ஏற்றிப் போய் வீரபாண்டி சாயப்பட்டறைகளில் இறக்குவது அவர் தொழில். ஓனரும் அவரே, டிரைவரும் அவரே. ரேடியேட்டர் ஹோஸ் வெடித்து, தண்ணீரில்லாமல் ஓடியதில் பழைய என்ஜின் சீஸாகி, சுற்றாமல் இறுகிவிட்டது. காயலாங்கடையில் அதே கம்பெனி என்ஜின் ஒன்று கிடைத்தது. இரண்டு வருடம் புதிய மாடல். அதை ஏற்றினேன்.

காலி வண்டியை ஓட்டிப் பார்த்தபோது ஒரு குறையும் இல்லை. லோடு ஏற்றிய அன்றே திரும்பி வந்துவிட்டார்.

"மேட்டுல ஏறறப்ப மிஸ் அடிக்குதுங்க தம்பி. நாலு குலுக்குக் குலுக்கீட்டு நின்னு போகுது. மறுக்கா சாவி போட்டா ஸ்டார்ட் ஆயிருதுங்க."

ஸ்கேனரை மாட்டினேன். கிராங்க் சென்சார் என்று காட்டியது. என்ஜின் எந்த இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் விரல் நீளப் பொருள் அது. அந்தத் தகவல் ஒரு நொடி வராவிட்டாலும் எப்போது டீசலை அடிப்பது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. புது சென்சார் போட்டேன். மறுநாள் லோடோடு போனார். மத்தியானம் திரும்பி வந்தார். இந்தத் தடவை டீசல் பிரஷர் குறைவு என்றும் சேர்த்துக் காட்டியது. ஃபில்டரை மாற்றினேன். இன்ஜெக்டர்களைக் கழற்றிப் பம்ப் கடைக்கு அனுப்பினேன். நான்கும் நன்றாக இருப்பதாகத் திரும்பி வந்தன. பிரஷர் சென்சாரை மாற்றினேன். கிராங்க் சென்சாரை இரண்டாம் தடவையும் மாற்றினேன். கொட்டகையில் தையல் மிஷின் மாதிரி ஓடும். லோடு ஏறினால் சாகும்.

அவர் ஒரு நாளாவது திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். தினமும் காலையில் வருவார். கவிழ்த்துப் போட்ட கிரீஸ் டப்பாவில் உட்காருவார். "ஏனுங்க, இன்னிக்குக் கெளம்பீருமுங்களா?" என்பார். இல்லை என்றால், "அவசரமில்லீங்க, நிதானமா பாருங்க" என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருப்பார். டீ வந்தால் எனக்கும் சேர்த்து வாங்குவார். அந்த மரியாதையிலிருந்து தப்பிக்க வழியே இருக்கவில்லை. ஒரு நாள் அவர் வருவது தெரிந்ததும் பக்கத்தில் நின்ற வேறொரு லாரியின் கேபினுக்குள் ஏறி, ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து உட்கார்ந்துகொண்டேன். நாற்பது வயது ஆள். அரை மணி நேரம் அப்படியே இருந்தேன். அவர் டப்பாவில் உட்கார்ந்து பீடி பற்றவைக்கும் சத்தம் கேட்டது.

அந்த வெள்ளிக்கிழமை ஊரில் என் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான் ஒருவன்தான். என் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். வியாழக்கிழமை சாயங்காலம் பையைக் கட்டிவிட்டோம். அப்போது லாரிக்காரரிடமிருந்து போன் வந்தது.

"நாளைக்குக் காலையில ஒரே ஒரு லோடுங்க. சாயப்பட்டறைக்காரரு கோவிச்சுக்கறாரு. நீங்க கூட வந்தீங்கன்னா தெம்பா இருக்குமுங்க."

முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. மனைவியைச் சீர்த் தட்டோடு பஸ் ஏற்றிவிட்டேன். ஏறுமுன் என் துணிகளை மட்டும் பையிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தாள்.

சாயப்பட்டறைக்குப் போகும் சந்து ஒரு லாரி அகலம்தான். இரண்டு பக்கமும் காம்பவுண்டுச் சுவர். கேட்டுக்கு முன்னால் நல்ல ஏற்றம். பாதி ஏறியதும் வண்டி குலுங்கியது, நின்றது. ஸ்டார்ட் செய்தார், உயிர் வந்தது. கிளட்சை விட்டதும் செத்தது. ஏழெட்டுத் தடவை அப்படியே. பின்னால் இரண்டு வண்டிகள் வந்து ஒட்டி நின்றுவிட்டன. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. கதவு ஒரு சாண்தான் திறந்தது. கேட்டிலிருந்த வடநாட்டு வாட்ச்மேன், "பாய், காடி ஹடாவோ! காடி ஹடாவோ!" என்று, வண்டியை எடுக்கச் சொல்லிக் கம்பியைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நின்றதும் உடனே ஸ்டார்ட் ஆகிறது. கிளட்சை விட்டு என்ஜின் இழுக்கும்போது மட்டும் சாகிறது. இழுக்கும்போது என்ஜின் தன் ரப்பர் மவுண்டிங்கில் ஒரு பக்கமாகச் சாயும். சாயும்போது ஏதோ ஒன்று இழுபடுகிறது. அதைப் பார்க்க வேண்டுமென்றால் லோடு இருக்கும்போதே கீழே படுக்க வேண்டும்.

கதவு இடுக்கில் உடம்பைத் திணித்து இறங்கினேன். டயர்களுக்குக் கல் வைத்தேன். "பிரேக்க மட்டும் விட்றாதீங்கண்ணே. நான் சொன்னதும் கிளட்ச கொஞ்சமா விடுங்க" என்று சொல்லிவிட்டு ஊர்ந்து போனேன். சாக்கடைத் தண்ணீர் முதுகை நனைத்தது. இடது பக்கம் சுவர், வலது பக்கம் டயர், மூக்குக்கு மேலே சூடான என்ஜின். அதற்குப் பின்னால் ஐந்து டன் துணி. கையை மடக்கக்கூட இடமில்லை. அந்த நேரம் பார்த்துச் சட்டைப் பையில் போன் அடித்தது. தங்கச்சியாகத்தான் இருக்கும். எடுக்க முடியவில்லை. அது அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது.

"விடுங்கண்ணே!" என்று கத்தினேன்.

என்ஜின் முனகிச் சாய்ந்தது. டார்ச் வெளிச்சத்தில், ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் பின்னால் ஒரு கறுப்புக் குழாய் விறைத்து நீண்டது. வண்டி செத்தது. குழாய் தளர்ந்து தொங்கியது.

அந்தக் குழாய்க்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். என்ஜின் ஏற்றிய நாளில், அதன் கிராங்க் சென்சார் சாக்கெட் லாரியின் பழைய வயரிங்கோடு சேரவில்லை. சாக்கெட்டை வெட்டி, வயரை முறுக்கி, டேப் சுற்றியவன் நான். அன்றைக்குக் கரண்ட் இல்லை. பிறகு ஈயம் வைத்துக்கொள்ளலாம் என்று குழாயை மேலே மாட்டி மூடிவிட்டேன். மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது முழு உண்மையல்ல. இரண்டு சென்சார் மாற்றியபோதும் அந்தக் குழாய் என் கண்ணில் பட்டது. என் வேலை சரியாகத்தான் இருக்கும் என்று வேறு எல்லாவற்றையும் கழற்றினேன்.

வெளியே வந்து அவரிடம் சொன்னேன். சொல்லாமலும் விட்டிருக்கலாம்; வயர் லூஸ் என்றால் நம்பியிருப்பார். ஆனால் முதுகெல்லாம் சாக்கடையோடு நிற்கும்போது பொய் சொல்லத் தெம்பில்லை.

"அப்ப இத்தன நாளா வண்டியில ஒரு கோளாறும் இல்லீங்களா?"

"இல்லண்ணே. கோளாறு என் கையிலதான். நான் போட்ட ஜாயிண்ட்டு."

ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் போட்டார். பிறகு, "போடா" என்றார். அந்த ஒரு சொல்தான். ஸ்டியரிங்கைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவமானமாக இருந்தது. ஆனால் எத்தனையோ நாளுக்குப் பிறகு எனக்கு மூச்சு முழுதாக வந்தது.

சாயப்பட்டறை எலக்ட்ரீஷியனிடம் ஈயம் வைக்கும் இரும்பை வாங்கி, மறுபடி கீழே படுத்து, வயருக்கு நீளம் கூட்டி ஒட்டினேன். வண்டி ஒரே மூச்சில் ஏறியது. அவர் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

தங்கச்சிக்குப் போன் செய்தேன். "நேரம் தப்பிருச்சுண்ணே. சித்தப்பா மகன் மடியில வச்சுக் குத்தியாச்சு" என்றாள். கோபமில்லாமல் சொன்னதுதான் தாங்க முடியவில்லை. இன்றுவரை அந்தப் பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

லாரிக்காரர் இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். ஒன்றரை மாதம் கழித்து ஆயில் மாற்ற வந்தார். வண்டி நன்றாக ஓடுகிறது என்றார். வேலை முடிந்து பில் போடப் போனபோது கையைக் காட்டி நிறுத்தினார்.

"சித்த அந்தக் கொழாயக் கழட்டிக் காட்டுங்க தம்பி. பாத்துப்போட்டுப் போறனுங்க."

கழற்றினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். ஜாயிண்டை இரண்டு விரலால் பிடித்து, நன்றாக இழுத்துப் பார்த்தார்.