பெரியவள் நம்பர் மாற்றிய கதை

பஸ் டிப்போவில் கிழிந்த சீட்டுகளைத் தைப்பதுதான் பெரியவளின் வேலை. பழைய ரெக்ஸினை உரித்தெடுத்து, நசுங்கிப்போன பஞ்சை மாற்றி, புது உறையை இழுத்துப் பிடித்து வளைந்த ஊசியால் தைத்துவிட்டால், அந்தச் சீட்டு அடுத்த சில வருஷத்துக்கு வாய் பிளக்காது. வேலையிலிருந்து நின்ற பிறகும், பஸ்ஸில் ஏறினால் உட்காரும் முன் சீட்டின் ஓரத்தைத் தடவிப் பார்ப்பாள். தையல் சரியில்லை என்றால் அன்றைக்குப் பயணம் முழுக்க முணுமுணுப்புதான்.

அந்த வீட்டுக்கு மூத்த மருமகளாக வந்தவள் என்பதால் அவள் பெரியவள். கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்தவள் சின்னவள். அவளுக்குப் பள்ளி வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயா வேலை. ஓரகத்திகள் இருவரும் ஒரே அடுப்படியில் வருஷக்கணக்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே சமைத்தார்கள். கடைசியில் அண்ணனும் தம்பியும் கூடத்தின் நடுவே பிளைவுட் தட்டி அடித்து வீட்டை இரண்டாக்கினார்கள். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். ஆனால் பேச்சு கிடையாது.

முதலில் பெரியவளின் கணவர் போனார். பிறகு சின்னவளின் கணவரும் போய்ச் சேர்ந்தார். சின்னவளுக்குப் பிள்ளை இல்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் கலைந்த பிறகு, பெரியவள் திருப்புளியோடு வந்து தட்டியைக் கழற்ற ஆரம்பித்தாள். சின்னவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“கரையான் புடிச்சிருக்கு. இருந்தா வீட்டுக்கே பரவிடும்,” என்றாள் பெரியவள்.

கரையானும் இல்லை, ஒன்றும் இல்லை. சின்னவள் பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

பெரியவளுக்கு எழுபது முடிந்த சில மாதங்களில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. மாடி ஏறி வந்தால் கதவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நிற்பாள். அரசு ஆஸ்பத்திரியில் இதயத்துக்குள் ஒரு வால்வு சுருங்கிவிட்டது என்றார்கள். ஆபரேஷன் செய்தாக வேண்டும், தள்ளிப்போடக் கூடாது. எழுபது வயதைக் கடந்தவர்களுக்கு அரசு காப்பீடு இருக்கிறது, முதலில் அதில் பதிந்துகொண்டு வாருங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். சம்பளம், சொத்து எதுவும் கேட்க மாட்டார்களாம். வயது இருந்தால் போதும். “வயசு ஒண்ணுதான் என்கிட்ட தாராளமா இருக்கு,” என்று பெரியவள் வெளியே வரும்போது சின்னவளிடம் சொன்னாள்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே உதவி மையம் இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் பொறுமைசாலி. பெரியவளின் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்து, விரலை வைக்கச் சொன்னாள். ஊசியும் பசையும் தேய்த்த விரல்களை மெஷின் ஏற்கவில்லை. பரவாயில்லை, அட்டையோடு சேர்த்திருக்கிற நம்பருக்கு ஓடிபி வரும், அதைச் சொன்னால் போதும் என்றாள். அந்த நம்பர் மகனுடையது.

அப்பா இறந்த கையோடு மகன்தான் எல்லா இடத்திலும் தன் நம்பரைக் கொடுத்திருந்தான். அம்மா எதற்கும் அலையக் கூடாது, எல்லாவற்றையும் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னான். ஆனால் அவன் வேலை செய்வது வேறு நாட்டில். இங்கே பகல் என்றால் அங்கே அவன் தூங்கும் நேரம். போன் அடித்தது, எடுக்கவில்லை. ஓடிபி காலாவதியானது. சாயங்காலம் கூப்பிட்டு, நாளைக்கு விழித்திருப்பதாகச் சொன்னான். மறுநாள் வேலையிடத்தில் ஏதோ அவசரமென்று கூப்பிட்டுவிட்டார்கள், ஓடிபி சொல்ல ஆளில்லை. அதற்கடுத்த முறை போனபோதும் காரியம் நடக்கவில்லை. பெரியவள் வரிசையை விட்டு விலகி, சுவரோரம் குந்தி உட்கார்ந்து மூச்சைத் தேடிக்கொண்டிருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

சின்னவள் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தபடி குனிந்தாள். “அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அட்டையில என் நம்பரைக் குடுத்துடுவோம்.”

பெரியவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வீட்டுக்கு வந்தும் அந்தப் பேச்சு மனதை அரித்தது. மகன் உயிரோடு இருக்கும்போது ஓரகத்தியின் நம்பரைக் கொடுப்பதா? அந்த நம்பர் இருக்கிற வரைதான் தன் காரியம் எதுவும் மகனுக்குத் தெரியாமல் நடக்காது என்று அவளுக்கு ஒரு தெம்பு. மாசத்துக்கு ஒரு தடவை ஏதோ ஒரு மெசேஜ் போய் அவனுக்குத் தன்னை ஞாபகப்படுத்தும் என்றுகூட நினைத்து வைத்திருந்தாள். இதை யாரிடம் சொல்ல முடியும்?

ரெண்டு நாள் கழித்துக் காலையில், கைப்பையை எடுத்துக்கொண்டு, “வா, போவோம்,” என்றாள்.

நம்பர் மாற்றுகிற அலுவலகத்தில் இருந்தவர் வயதில் சின்னவர். யாருடைய நம்பர் இது என்று கேட்டார். ஓரகத்தியுடையது என்றதும், பிள்ளைகள் யாரும் இல்லையா என்று கேட்டார்.

“ஒரு பையன் இருக்கான். நல்லா இருக்கான்,” என்றாள் பெரியவள். “எனக்கு மூச்சு முட்டும்போது பக்கத்துல இருக்கறவ இவதான்.”

சின்னவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பை எழுத்துக்கூட்டிப் படிப்பவள் போல நின்றாள்.

அந்த அலுவலகத்தில் விரலுக்குப் பதில் கண்ணைப் படமெடுக்கும் மெஷின் இருந்ததால் நம்பர் மாறியது. அந்த வாரமே காப்பீட்டில் பதிவு முடிந்தது. ஆஸ்பத்திரி அனுப்பிய விண்ணப்பத்துக்கு அனுமதி வரச் சில நாள் பிடித்தது. அதற்குள் பெரியவள் மகனிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். மறைத்து வைத்து, பிறகு அவனாகத் தெரிந்துகொள்வது இன்னும் மோசம் என்று அவளுக்குப் பட்டது.

அவன், “அப்ப நான் யாரும்மா?” என்று கேட்டான்.

“நீ என் புள்ள. அதை எந்த ஆபீஸ்ல போய் மாத்த முடியும்?”

அவன் போனை வைத்துவிட்டான்.

ஆனாலும் ஆபரேஷன் அன்று வந்து நின்றான். விமானத்திலிருந்து நேரே வந்திருந்தான். சட்டையெல்லாம் கசங்கிக் கிடந்தது. வராந்தாவின் அந்தக் கோடியில் அவன், இந்தக் கோடியில் சின்னவள். மத்தியானம் போல அவள் டீ வாங்கிக்கொண்டு போய் நீட்டினாள். வாங்கிக்கொண்டான், குடித்தானா என்று அவள் பார்க்கவில்லை. டாக்டர் வெளியே வந்து நல்லபடியாக முடிந்தது என்று சொன்னபோது, இரண்டு பேரும் ஒரே சமயத்தில் எழுந்தார்கள். அவன் சுவரைப் பார்த்து நின்று அழுதான்.

ஊருக்குத் திரும்புகிற அன்று, அம்மாவின் காலைத் தொட்டுவிட்டு, “பாத்துக்கோங்க சித்தி,” என்று மட்டும் சொன்னான். முன்பு போல நினைத்த நேரமெல்லாம் அவன் கூப்பிடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறான், சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று கேட்கிறான். பழைய உரிமைக் கோபம் அந்தக் குரலில் இல்லை. அது இல்லாதது பெரியவளுக்கு நெஞ்சில் போட்ட தையலைவிட அதிகமாக வலித்தது. வலித்தாலும், செய்தது தப்பு என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

தையல் ஆறிய பிறகு, சின்னவளையும் அந்தத் திட்டத்தில் சேர்க்கலாமா என்று உதவி மையத்தில் விசாரித்தாள். சின்னவளுக்குச் சர்க்கரை, காலில் ஒரு புண் ஆறாமல் இழுத்துக்கொண்டிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் அட்டையைப் பார்த்துவிட்டு, “இவங்களுக்கு இன்னும் வயசாகலையேம்மா,” என்றாள். அதைக் கேட்டு இருவரும் சிரித்துவிட்டார்கள். எழுபதுக்கு இன்னும் நாலு வருஷம் பாக்கி. படி இறங்கும்போது பெரியவளின் சிரிப்பு நின்றுவிட்டது.

இப்போது புண்ணுக்குக் கட்டு மாற்ற வாராவாரம் சின்னவள் பொது வார்டுக்குப் போகிறாள். பெரியவளும் கூடவே கிளம்பிவிடுகிறாள். கூட்டத்துக்குள் வரக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாரே என்று சின்னவள் சத்தம் போட்டால், “நான் பெஞ்சுலதான் உக்காந்திருப்பேன்,” என்பாள். அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாள். நர்ஸ் சின்னவளின் முறையைக் கூப்பிட்டதும், அவள் கைப்பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்கிறாள். பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் சின்னவள் வலியில் முனகும்போதெல்லாம், “ஆச்சு, ஆச்சு,” என்று இங்கிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.