பூங்கொடியின் கறுப்புக் காரும் அதன் போர்வையும்

சனிக்கிழமை காலை இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தபோது தங்கவேல் போன் செய்தார். "மாலாங்களா? பூங்கொடி போயிட்டா. விடிகாலைல, ஆஸ்பத்திரிலயே." பிறகு, "கார் வெளிய நிக்குது. மரத்துலருந்து மஞ்சப் பொடி கொட்டிட்டே இருக்குது. அந்தக் கவர எப்படிப் போடறதுன்னு எனக்குத் தெரியலைங்க. கொஞ்சம் வர்றீங்களா?" என்றார்.

மனைவியை இழந்த மனிதர் கார் கவரைப் பற்றிப் பேசினால் கேட்பவருக்குப் பகீரென்று இருக்கும். பூங்கொடியை அறிந்த உங்களுக்கு அப்படி இருக்காது. எங்கே போய்விட்டு வந்தாலும், வந்ததும் காரைப் போர்த்திவிட்டுத்தான் அவர் வீட்டுக்குள் நுழைவார். அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பினேன். வழியெல்லாம் அழுதேன்.

அந்தக் காரை அவர் வாங்கியபோது சுகர் லேண்டில் நம் தமிழர்கள் எல்லோரும் வெள்ளையும் சாம்பலுமாக வாங்கிக்கொண்டிருந்தார்கள். டெக்ஸஸ் வெயிலில் கறுப்பு அடுப்பாகக் கொதிக்கும் என்று புத்தி சொன்னவர்களில் நானும் ஒருத்தி. "பார்க்கிங்ல என் காரு எனக்குத் தெரியோணுமில்லைங்க?" என்று திருப்பிக் கேட்டார். ஈரோட்டுக்காரரிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர்கள் யார்?

கராஜில் விட்டிருக்கலாமே என்று கேட்காதீர்கள். நம் வீட்டுக் கராஜ்களில் அரிசி மூட்டை இருக்கும், ஃப்ரீசர் இருக்கும், கொலுப் படி இருக்கும், ஊருக்குப் போகும் பெட்டிகள் இருக்கும். காருக்கு மட்டும் இடம் இருக்காது. அதனால் கறுப்புக் கார் வெளியே, ஓக் மரத்தடியில் நின்றது. தங்கவேல் மனைவியை அசத்துவதற்காக நீலத் தார்ப்பாய் ஒன்றை வாங்கி வந்து, கயிறு போட்டு இறுகக் கட்டிவிட்டார். ஹூஸ்டன் புழுக்கத்தில் உள்ளே ஈரம் தங்கியது, காற்றில் தார்ப்பாய் ஓயாமல் உராய்ந்தது. ஒருநாள் அவிழ்த்துப் பார்த்தால் கூரையில் பால் சிந்தியதுபோல ஒரு வெண்படலம், ஓரமெங்கும் மெல்லிய கோடுகள். பூங்கொடி காரைச் சுற்றி ஒரு நடை வந்தார். "இந்த மனுசன் மேல எனக்குக் கோவமில்லைங்க. ஆனா இனிமே கவர் பக்கம் மட்டும் வரப்படாது," என்றார்.

தங்கவேல் விலக்கப்பட்டார், நான் சேர்க்கப்பட்டேன். கார்கள் அதிவேகமாகப் பறக்கும் ஃப்ரீவே என்றால் எனக்கு உதறல். மெடிக்கல் சென்டரில் நானும் பூங்கொடியும் ஒரே ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்ததால், தினமும் அவர் காரில்தான் போனேன். அதற்குக் கூலி, காலையிலும் மாலையிலும் கவரின் மறுபக்கத்தைப் பிடிப்பது. தார்ப்பாய்க்குப் பதில் காற்றோட்டமுள்ள மெத்தென்ற துணிக் கவர் வந்திருந்தது. எடுக்கும்போது இரண்டு பக்கத்தையும் நடுவுக்கு மடித்து, பின்னாலிருந்து சுருட்ட வேண்டும். வெளிப்பக்க அழுக்கு உள்பக்கத்தில் படக் கூடாது. முன்பக்கம் எதுவென்று தெரிய, விளிம்பில் பழைய சேலைக் கரை ஒன்றைச் சிவப்பாகத் தைத்திருந்தார். நான் அவசரத்தில் இழுத்தால் உடனே குரல் வரும்: "இழுக்காதீங்க, தூக்குங்க." தூசி படிந்த காரைப் போர்த்தவே விடமாட்டார். "அழுக்கு மேல கவர் போட்டா அது கவரில்லைங்க, பெயிண்டத் தேய்க்கற உப்புத்தாள்."

கோயிலில் நடந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வருடாந்திர வாகன பூஜை. எலுமிச்சம்பழம் சக்கரத்தடியில் தயார். குருக்கள் சந்தனக் கிண்ணத்தோடு பானெட்டை நோக்கிக் குனிந்தார். பூங்கொடி குறுக்கே கை நீட்டினார். "சாமி, கண்ணாடில வெச்சிருங்க. பெயிண்ட்ல காஞ்சுச்சுன்னா, மேல கவர் போடறப்ப மணல் மாதிரி தேய்க்கும்." வரிசையில் நின்ற சிலர் முகம் சுளித்தார்கள். குருக்களோ, "சுவாமிக்கு எல்லா இடமும் ஒண்ணுதாம்மா," என்று கண்ணாடியில் வைத்தார். இப்போதெல்லாம் அவரே, "கண்ணாடியிலதானே?" என்று கேட்டுவிட்டுத்தான் வைக்கிறார். முகம் சுளித்தவர்களும் கண்ணாடியைத்தான் காட்டுகிறார்கள்.

கவரைத் துவைப்பது தனித் திருவிழா. குளியல் தொட்டியில் குளிர்ந்த நீர், கொஞ்சம் மென்மையான சோப்பு. துணிக்கு வாசனை ஊட்டும் திரவம் வீட்டிலேயே இருக்கக் கூடாது, அதன் பிசுக்கு பெயிண்டில் ஒட்டுமாம். வேலியில் உலர்த்தினால் காலனிக்காரர்கள் புகார் சொல்வார்கள் என்பதால் சாப்பாட்டு மேசை மேல் விரித்துவிடுவார். ஒருமுறை எங்களை விருந்துக்கு அழைத்திருந்தார். மேசை நிறையக் கவர். நாங்கள் சமையலறைத் தரையில் வட்டமாக உட்கார்ந்து கொள்ளுப் பருப்பும் ரசமும் சாப்பிட்டோம். அப்படி வயிறு குலுங்கச் சிரித்த விருந்து எனக்கு வேறில்லை.

அந்தச் சனிக்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது கார் மஞ்சளாக நின்றது. மார்ச் மாத ஓக் மகரந்தம். கீழே ஃப்ரீவே சேறு. முந்தின இரவு நெஞ்சு வலிக்கிறது என்று பூங்கொடி சொன்னதும், வாழ்க்கையில் ஃப்ரீவே ஏறாத தங்கவேல், மழையில் அந்தக் காரை ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார். கவரை மார்போடு அணைத்தபடி நின்றவரிடம், "இப்ப போட முடியாதுண்ணா. முதல்ல கழுவணும்," என்றேன்.

கழுவினோம். முதலில் கை படாமல் ஹோஸ் தண்ணீரில் மகரந்தம் முழுவதையும் ஓட விட்டோம். பிறகுதான் சோப்பு. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் சாம்பார் சாதப் பாத்திரங்களோடு திகைத்து நின்றார்கள். பெரியவர் ஒருவர் மெல்லக் கேட்டார், "தங்கவேல், இப்ப இது தேவையா?"

"அழுக்கோட போத்துனா அவ ஒத்துக்க மாட்டாளுங்க," என்றார் தங்கவேல்.

பெரியவர் பாத்திரத்தைப் படியில் வைத்துவிட்டு ஒரு துண்டை எடுத்துக்கொண்டார். ஆளாளுக்கு ஒரு பக்கம் ஒற்றி எடுத்தோம். கூரையில் அந்த வெண்படலம் அப்படியே இருந்தது. தங்கவேல் அதைக் கையால் ஒருமுறை தடவினார். கார் நன்றாகக் காய்ந்த பிறகு சிவப்புக் கரையைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். அத்தனை வருடம் பூங்கொடி நின்ற இடத்தில் அவர் நின்றார். துணியைப் பிடித்ததும் இழுத்தார். என் வாயிலிருந்து தானாக வந்தது: "இழுக்காதீங்க, தூக்குங்க."

கவரை இரண்டு பேர் பிடித்தால்தான் நன்றாக வரும். அதனால் இப்போதும் சனிக்கிழமைகளில் போகிறேன். பூங்கொடியிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த இரண்டு சொற்களைத்தான். அவை எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். போன வாரம், ஏதோ யோசனையில் என் பக்கம் துணி உரசிவிட்டது. காருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"இழுக்காதீங்க, மாலா. தூக்குங்க."

தூக்கினேன்.