இரண்டாவது இணைப்புக்காகப் பயந்தவர்

பாலத்தில் வண்டிகள் நகராமல் நின்ற ஒரு காலையில் திலகவதியின் தங்கை என்னை அழைத்தார். "சேகர் அண்ணே, அக்கா போயிட்டாங்க. தூக்கத்திலேயே போயிட்டாங்க." அதற்கு நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. முன்னால் வழி திறந்த பிறகும் நான் நகராததால் பின்னாலிருந்து ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். நிம்மதியாகத் தூங்கிப் பழக்கமே இல்லாத ஒருவர் தூக்கத்தில் போனார் என்பதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை.

இந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்திருப்பவர்களில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மருத்துவமனைகளுக்கும் அலுவலகங்களுக்கும் கணினித் தரவு கடத்தும் இலக்கவியல் இணைப்புகளை வாடகைக்குத் தரும் ஜார்ஜ்டவுன் நிறுவனம் ஒன்றில், ஒப்பந்தங்களை எழுதும் வழக்கறிஞராக இருந்தார் திலகவதி. நான் அங்கே பொறியாளர். ஏறக்குறைய ஒரே வயது. அவருடைய பயத்தை வைத்து நாம் எல்லோரும் சிரித்திருக்கிறோம். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்கு நாசி கண்டார் சோறு சாப்பிடப் போனால், உட்கார்ந்த பிறகு எழுந்துபோய்க் காரைப் பூட்டினோமா என்று பார்த்துவிட்டு வருவார். "காடி ஓடிப் போயிடுமா, திலகா?" என்று கேட்பேன். "ஓடாது லா. ஆனா பாக்காம எனக்குச் சோறு இறங்காது."

அந்தப் பயம் ஒருமுறை எங்கள் அலுவலகத்தையே உலுக்கியது.

ஜார்ஜ்டவுன் இருக்கும் தீவில் உள்ள ஒரு மருத்துவமனை எங்களிடம் இரண்டு இணைப்புகள் கேட்டிருந்தது. அவர்களுடைய நோயாளிகளின் ஸ்கேன் படங்கள் கடலுக்கு அந்தப் பக்கம், செபராங் ஜெயாவில் ஒரு கட்டடத்தில் சேமிக்கப்பட்டிருந்தன. அறுவை சிகிச்சை நடக்கும்போது மருத்துவர் அவற்றைத் திரையில் பார்க்க வேண்டும். ஓர் இணைப்பு அறுந்தாலும் இன்னொன்று இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இரண்டு. எங்கள் தொழிலில் இப்படிப்பட்ட இணைப்பைச் சர்க்கிட் என்போம். எங்கள் வழக்கமான ஒப்பந்தத்தில் அதற்கு இருந்த வரையறை ஒரே வரி: சர்க்கிட் என்பது நிறுவனம் வாடிக்கையாளருக்கு வழங்கும் இணைப்பு.

திலகவதி அந்தத் தாளோடு என் மேசைக்கு வந்தார். "நாம குடுக்கறதுதான் சர்க்கிட்டுன்னா, குடுக்காதப்ப அது என்ன சேகர்? எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு ஒரு வார்த்தை இல்லையே." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இந்த ரெண்டும் எந்த வழியா போகுது?" என்றார். வரைபடத்தைத் திறந்து காட்டினேன். இரண்டு நிறக் கோடுகள் தீவிலிருந்து தனித்தனியாகக் கிளம்பின. ஒன்று பாலத்தின் மேல், மற்றது கடலுக்கடியில். ஆனால் செபராங் ஜெயாவில் ஒரு சாலைக்குக் கீழே இரண்டும் ஒரே குழாய்க்குள் நுழைந்தன. அவர் அந்த இடத்தில் விரலை வைத்து, "இங்க வெட்டுனா ரெண்டும் ஒண்ணா அறுந்துடும்" என்றார்.

அன்றே அவர் வரையறையை மாற்றி எழுதினார். தீவில் மருத்துவமனையின் கருவி செருகப்படும் முனையிலிருந்து மறுகரையில் உள்ள முனை வரை, இடையில் யாருடைய கேபிள் இருந்தாலும் முழுப் பாதையும் சேர்ந்ததே ஒரு சர்க்கிட். இரண்டாவது சர்க்கிட் முதலாவதோடு எந்தக் குழாயையும் எந்தப் பாலத்தையும் பகிரக் கூடாது. விற்பனைப் பிரிவுத் தலைவர் குமரேசன் அதைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"அக்கா, இத எழுதிக் குடுத்தா நாம மாட்டிக்குவோம். புதுசா ரோட்டத் தோண்டணும். கஸ்டமரே கேக்கலயே!"

"கேக்கணும்னு அவங்களுக்குத் தெரியாது தம்பி."

"வேற கம்பெனி தூக்கிட்டுப் போயிடுவான் லா. அப்புறம் மேலிடத்துக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

கையெழுத்து நாள் நெருங்க நெருங்க அவர் சாப்பிடுவதைக் குறைத்துக்கொண்டார். படிக்கட்டில் என்னை நிறுத்தி, "நான் வீணா பயப்படறேனா? நீ எஞ்சினியர், உண்மையைச் சொல்லு" என்று கேட்டார். அந்தச் சாலையோரம் ஆண்டு முழுவதும் யாராவது தோண்டிக்கொண்டே இருப்பார்கள் என்று சொன்னேன். வேலை போனால் தங்கையின் படிப்பு என்ன ஆகும் என்றுதான் அவர் அடுத்ததாகச் சொன்னார்.

கையெழுத்துக் கூட்டத்தில் அவர் முன் வைக்கப்பட்ட தாளில் பழைய வரியே திரும்ப வந்திருந்தது. யார் மாற்றினார்கள் என்று அவர் கேட்கவில்லை. மருத்துவமனையின் நிர்வாகி பேனாவை எடுத்தபோது திலகவதி எழுந்து நின்றார். "மன்னிக்கணும். நீங்க வாங்குற ரெண்டு இணைப்பும் ஒரு இடத்துல ஒரே குழாய்க்குள்ள போகுது. அதத் தெரிஞ்சிக்கிட்டு கையெழுத்துப் போடுங்க." நிர்வாகி பேனாவை மூடினார். திலகவதி எழுதிய வரையறை ஏற்கப்பட்டு, வேறு சாலை வழியாகக் குழாய் பதிக்கப்பட்ட பிறகுதான் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதற்குள் பெரிய ஒப்பந்தங்கள் எல்லாம் அவரிடமிருந்து பிடுங்கப்பட்டிருந்தன.

பிறகு ஒரு மழைக்கால மதியம், கால்வாய் வெட்டிய இயந்திரம் பழைய குழாய் இருந்த அந்தச் சாலையில் எங்கள் கேபிளை அறுத்தது. கண்காணிப்பு அறையின் திரையில் வாடிக்கையாளர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகச் சிவப்பாயின. செய்தி கேட்டு மூச்சிரைக்க ஓடி வந்த திலகவதி, என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். மருத்துவமனையின் முதல் இணைப்பு விழுந்தது. இரண்டாவது பச்சையாகவே இருந்தது. அது தாங்குமா என்று தெரியாமல் இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். குமரேசன் மருத்துவமனைக்கு அழைத்துப் பேசிவிட்டுத் திரும்பினார். உள்ளே ஓர் இதய அறுவை சிகிச்சை நடந்துகொண்டிருந்ததாம். படம் ஒரு கணம் நின்று, மறுபடி வந்துவிட்டதாம்.

நான் திரும்பி திலகவதியைப் பார்த்தேன். மகிழ்ச்சியாக இருப்பார் என்று நினைத்தேன். அவரோ திரையின் சிவப்புப் பெயர்களைப் படித்துக்கொண்டிருந்தார். "இவங்க எல்லாருக்கும் பழைய வரிதானே?" என்றார். பழைய வரிதான். அவர்களில் சிலரும் இரண்டு இணைப்பு என்று நம்பி வாங்கியவர்கள். அந்த மதியம் முழுவதும் தொலைபேசியில் ஒவ்வொருவரிடமும் அவர் சொன்னது இதுதான்: "எப்ப சரியாகும்னு எனக்கு இன்னும் தெரியாது. தெரிஞ்சதும் நானே கூப்பிடுறேன்." கேபிளை ஒட்டி முடித்ததும் அத்தனை பேரையும் திரும்ப அழைத்தார்.

அன்று முதல் பழைய ஒப்பந்தங்களைத் திருத்துவதே அவருடைய வேலையாயிற்று. யாரும் அவரை அதற்கு நியமிக்கவில்லை. தடுக்கவும் துணியவில்லை. வேலை முடிவதற்குள் போய்விட்டார். இறுதிச் சடங்கில் குமரேசன் என் பக்கத்தில் நின்று, "அக்கா அன்னைக்கி எழுந்திருக்காம இருந்திருந்தா..." என்று தொடங்கி, முடிக்க முடியாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

திலகவதியிடமிருந்து என்னிடம் தங்கிவிட்டது அவருடைய பயம். முகம் தெரியாத மனிதர்களுக்காக முன்கூட்டியே வரும் அந்தப் பயத்தை நான் விட விரும்பவில்லை. மீதமிருந்த ஒப்பந்தங்களை என்னிடம் தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டேன். நேற்று தாசேக் கெலுகோரில் உள்ள ஒரு சிறிய சிகிச்சை நிலையத்தை அழைத்தேன். எங்கள் நிறுவனத்தின் பெயரைக் கேட்டதும் எடுத்த பெண் பதறினார்.

"ஐயோ, லைன் போயிடுச்சா அண்ணே?"

"இல்லம்மா, இன்னும் போகல. அதான் இப்பவே கூப்பிடுறேன்."